கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. எனக்கு 43 வயது, பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். ஒன்றரை வருடமாக 18, 20 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வந்துவிடுகிறது. வந்தால் எட்டு நாள். முதல் மூன்று நாள் மணிக்கொரு நாப்கின், கட்டி கட்டியாகப் போகும். போன வாரம் வகுப்பில் நாற்காலியை விட்டு எழுந்தபோது சேலையெல்லாம் கறை. ஒரு மாணவி ஓடி வந்து தன் துப்பட்டாவை என் இடுப்பில் சுற்றிவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன்.

ஹீமோகுளோபின் 7.6. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஸ்கேனில் அடினோமயோசிஸ், அதாவது கர்ப்பப்பைச் சுவர் தடித்திருக்கிறது. பயாப்சியில் புற்றுநோய் இல்லை, அந்த மட்டில் நிம்மதி. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் மாத்திரைக்குக் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

முதலில் பார்த்த டாக்டர், "குழந்தை பெத்தாச்சு, இனி எதுக்கு? எடுத்துடலாம்" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டாவது டாக்டர் பொறுமையாகப் பேசினார். காப்பர் டி மாதிரி கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஒன்று, மிரீனா, அதை வைத்து ஆறு மாதம் பார்க்கலாம். ஆபரேஷன்தான் என்றாலும் சினைப்பைகளை விட்டுவிடலாம் என்றார். அம்மாவோ, "எனக்கு 38 வயசுல எடுத்தாங்க, அப்புறம் இடுப்பு வலி தீரவே இல்லடி" என்கிறார்.

மிரீனா வைத்தவர்களே, ரத்தப்போக்கு குறைய எத்தனை மாதம் ஆனது? லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) எடுத்தவர்கள் எத்தனை வாரத்தில் வேலைக்குப் போனீர்கள்? சினைப்பை இருந்தும் உடம்பு தகிப்பது, தூக்கம் கெடுவது எல்லாம் வந்ததா? தீபாவளிக்குள் டாக்டரிடம் பதில் சொல்ல வேண்டும்.