ஸ்பின்னக்கர் கழியின் முனைப் பிஸ்டன் பாதியில் சிக்குகிறது: முனையையே மாற்ற வேண்டுமா?

ஹாம்பிள்வாசி:
அனைவருக்கும் வணக்கம். தென் இங்கிலாந்தில் ஹாம்பிள் ஆற்றில் 34 அடிப் பாய்ப்படகு ஒன்றை வைத்திருக்கிறேன். சென்ற ஞாயிறு சோலன்ட் நீரிணையில் ஜைப் செய்யும்போது (பின்காற்றில் பாய்களை மறுபக்கம் மாற்றும்போது), இழுகயிற்றை எவ்வளவு இழுத்தும் ஸ்பின்னக்கர் என்ற பெரிய பலூன் பாயை விரித்து நிறுத்தும் கழியின் முனையில் கயிற்றைப் பூட்டும் பிஸ்டன் பாதியிலேயே நின்றுவிட்டது. என் மகள் முன்தளத்தில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் இழுத்த பிறகே காற்றுப்பக்கக் கயிறு (பாயின் மூலையிலிருந்து கழிமுனை வழியாக வரும் கயிறு) விடுபட்டது. முனை வார்ப்பு அலுமினியம், பிஸ்டன் துருவேறா எஃகு. இரண்டுக்கும் இடையில் வெண்பொடி தெரிகிறது. மசகெண்ணெய் தெளித்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடி, பிறகு முன்னைவிட மோசமாகிவிட்டது.

பாய்மரத்தான்:
அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். முதலில் கழியைக் கரையில் கிடத்தி இழுகயிற்றை இழுத்துப் பாருங்கள். சுமையே இல்லாதபோதும் பிஸ்டன் தயங்கினால் கோளாறு முனைக்குள் இருக்கிறது. கரையில் வழுக்கிக்கொண்டு ஓடி, கடலில் மட்டும் சிக்கினால் கோளாறு கயிற்றின் பிடிமானத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் நல்ல முனைகளைத் தூக்கி எறிபவர்கள் பலர்.

நீங்கள் பார்த்த வெண்பொடியில் உப்பும் இருக்கும், அலுமினியம் அரிப்பதால் உண்டாகும் ஆக்சைடும் இருக்கும். எஃகும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அந்த ஆக்சைடு மூல உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பிஸ்டனின் துளை இறுகிவிடுகிறது. அதன்மேல் எண்ணெயோ கிரீஸோ இட்டால் மணலும் உப்பும் ஒட்டிப் பசையாகிவிடும். உங்களுக்கு இரண்டு நாளில் நேர்ந்தது இதுவே. முனையை வெந்நீரில் ஊறவைத்து, பிஸ்டனைப் பலமுறை இழுத்துவிடுங்கள். பொடி கரையாவிட்டால் நீர் கலந்த வினிகரைச் சில நிமிடங்கள் மட்டும் பயன்படுத்தி, உடனே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், ஏனெனில் அமிலம் அலுமினியத்தையும் தின்னும். நன்கு உலர்ந்தபின் உலர்ந்த டெஃப்லான் தெளிப்பு போதும்.

முன்தளக்காரி:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் மகள் இரண்டு கைகளாலும் இழுத்தார் என்று படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. காற்றுப்பக்கக் கயிறு விறைப்பாக இருக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் பிஸ்டனைப் பக்கவாட்டில் நெரிக்கிறது; புத்தம்புதிய முனையும் அப்போது எளிதில் திறக்காது, திறந்தால் கழி எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. விஞ்சில் (கயிறு சுற்றி இழுக்கும் உருளையில்) நிற்பவர் கயிற்றைத் தளர்த்திய பிறகே முன்தளத்தில் இருப்பவர் இழுகயிற்றைத் தொட வேண்டும். முனையின் வாய் மேல்நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் பிஸ்டன் திறந்ததும் கழி தன் எடையால் கீழிறங்கிக் கயிற்றிலிருந்து கழன்றுகொள்ளும்.

கயிற்றில் ஷாக்கிளுக்கு (கயிற்றைப் பாயோடு இணைக்கும் உலோகக் கொளுவிக்கு) பின்னால் பிளாஸ்டிக் பந்து கோத்திருக்கிறீர்களா? அது இல்லாவிட்டால், கழி ஃபோர்ஸ்டேயை (பாய்மரத்தை முன்பக்கம் தாங்கும் கம்பியை) நெருங்கும் நேரத்தில் ஷாக்கிளே முனையின் வாய்க்குள் இழுபட்டு நெம்பும்.

ஹாம்பிள்வாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கரையில் இழுத்தபோதும் பிஸ்டன் தயங்கியது. வெந்நீரில் இருமுறை ஊறவைத்ததும், விட்டவுடன் சட்டென்று ஒலியெழுப்பி மூடுகிறது. ஆனால் பிஸ்டனைத் துடைத்தபோது அதன் ஒரு பக்கத்தில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு பள்ளம் தெரிந்தது. பந்தும் இல்லை. ஆக, இரண்டு கோளாறுகளும் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

பாய்மரத்தான்:
அந்தப் பள்ளம் ஷாக்கிள் பதித்ததாகத்தான் இருக்கும். பிஸ்டனைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடாமல் உருண்டால் பள்ளத்தின் விளிம்பை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் மழுக்கிவிட்டுத் தொடரலாம். தள்ளாடினால் அது வளைந்திருக்கிறது என்று பொருள். வளைந்ததை நிமிர்த்த முயலாதீர்கள், பிஸ்டனை மட்டும் மாற்றுங்கள். கழற்றும்போது ஸ்பிரிங் தெறித்துத் தண்ணீரில் விழாதபடி முனையை ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இழுகயிறு கழிக்குள் நுழையும் துளையின் விளிம்பில் கயிறு பிசிறியிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. முனை ரிவெட்டால் பொருத்தப்பட்டதாக இருந்தால் மீண்டும் மோனெல் (நிக்கல்-செம்பு உலோகக்கலவை) ரிவெட்டுகளையே பயன்படுத்தி, ஒவ்வொரு துளையிலும் சிறிது டியூராலாக் (உலோகங்களுக்கிடையே அரிப்பைத் தடுக்கும் பசை) தடவுங்கள்.