மானாவாரிச் சோளத்தில் சுடுமல்லி: எந்தப் பயிர் மாற்றம் பலன் தரும்?

பென்னாகரம் வட்டத்தில் எங்கள் செம்மண் மானாவாரி நிலத்தில், துவரையை ஊடுபயிராகக் கொண்ட ஆடிப் பட்டத்துச் சோளத்தில், சென்ற ஆண்டு ஒரு மூலையில் மட்டும் தென்பட்ட சுடுமல்லி என்னும் வேர் ஒட்டுண்ணிக் களை இவ்வாண்டு பாதி வயலில் வெண்பூவுடன் நிற்கிறது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே சோளத்தின் இலை பகலில் சுருண்டு, கதிரும் சிறுத்துவிட்டது.

விதை கட்டுமுன் பிடுங்கினோம், தொழுவுரத்துடன் யூரியாவும் கூடுதலாக இட்டோம். பிடுங்கிய இடத்திலேயே மீண்டும் முளைத்தது. வேரில் ஒட்டி உறிஞ்சிய பிறகே இது தரைக்கு மேல் தலைகாட்டுவதால், பிடுங்குவது காலங்கடந்த வைத்தியம்தான். மருந்துக் கடையில் 2,4-டி களைக்கொல்லி தெளிக்கச் சொன்னார்கள். துவரை கருகிவிடும் என்பதால் தெளிக்கவில்லை.

சுடுமல்லி விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கக்கூடியது. காராமணி, நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றின் வேர்க்கசிவு அதை முளைக்கத் தூண்டி, ஒட்டிக்கொள்ள இடமின்றி மடியச் செய்யும். ஆனால் மாட்டுத் தீவனத்துக்குத் தேவைப்படுவதால் சோளத்தை நெடுங்காலம் நிறுத்த இயலாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரியில் இம்முறையால் சுடுமல்லியைக் குறைத்தவர்கள் எந்தப் பயிரை, எத்தனை பட்டம் விதைத்தீர்கள்?