புதுப்பிப்பு: பாஸ் மீனுக்கு எந்த ரீல்? வாங்கிவிட்டேன்

டர்பன் பக்கத்து இனாண்டா அணையில் பாஸ் பிடிக்க ஸ்பின்னிங் ரீல் (உருளை சுழலாமல் நிற்க, நூல் மட்டும் நழுவிப் போகும் தூண்டில் ரீல்) நல்லதா, பெய்ட்காஸ்டர் (வீசும்போது உருளையே சுழன்று நூலை விடும் ரீல்) நல்லதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெய்ட்காஸ்டர் வாங்கினேன். முதல் நாள் காலை முழுக்க நூல் சிக்கெடுத்ததுதான் மிச்சம்! எதிர்க்காற்றில் லூரின், அதாவது செயற்கை இரையின், வேகம் குறைந்தாலும் உருளை நிற்பதில்லை, சுழன்று நூலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் பிரேக்கை நன்றாகக் கூட்டிவைத்தேன். லூர் தண்ணீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரலால் உருளையை அழுத்தப் பழகினேன். இரண்டாம் வாரத்தில் சிக்கல் அபூர்வமாகிவிட்டது. நாணல் ஓரத்தில் நினைத்த இடத்தில் லூரைப் போட முடிகிறது, அது ஸ்பின்னிங்கில் எனக்கு வாய்க்கவே இல்லை.

ஆனால் ஐந்து கிராமுக்கும் குறைந்த லூர் இதில் தூரம் போக மாட்டேன் என்கிறது. அதற்குப் பழைய 2500 அளவு ஸ்பின்னிங் ரீல்தான். ஆகவே அதை விற்கவில்லை, கேட்டவர்கள் மன்னிக்கவும்.

தாத்தாவின் ஸ்கார்பரோ ரீலையே (பெரிய சக்கரம் போன்ற பழைய பாணி ரீல்) எடுத்துப் போகச் சொன்ன அண்ணாவுக்கு: அது கடற்கரைப் பாறையில் நின்று வீசுவதற்கு அண்ணா, பாஸுக்கு வேண்டாம். மிட்மார் அணையில் கெண்டைக்கு ஒருநாள் முயன்று பார்க்கிறேன்.