தப்பி ஓடுகிறவன் மாஸ்கோவுக்கு எதற்குப் போனான்? ‘போர்ன் சுப்ரிமசி’ பார்த்த கதையைச் சொல்லுங்கள்

தொடங்கியவர், ஏற்காடு

2005 மழைக்காலம். அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் ‘போர்ன் சுப்ரிமசி’ என்ற ஆங்கில உளவுப் படத்தின் டிவிடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் மலை ஏறினேன். சாப்பிட்டு முடித்து நானும் தம்பியும் படத்தைப் போட்டோம்.

கால் மணி நேரம் ஓடியிருக்கும். கோவாவில் ஒரு பாலம். மரீ ஜீப்பை ஓட்டுகிறாள், பக்கத்தில் அவள் காதலன் போர்ன், நினைவிழந்த முன்னாள் சி.ஐ.ஏ. கொலையாளி. எங்கிருந்தோ ஒரு தோட்டா. ஜீப் ஆற்றுக்குள் விழுகிறது. கலங்கிய தண்ணீருக்கு அடியில் அவன் அவளுக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுகிறான். அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது.

எஸ்டேட் குவார்ட்டர்ஸில் மழை நாளில் கரண்ட் போனால் எங்கேயோ சில்வர் ஓக் கிளை கம்பி மேல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் சாயங்காலம்தான் வரும். ராத்திரி முழுக்கத் தகரக் கூரையில் மழை. தம்பி இருட்டில் கேட்டுக்கொண்டே இருந்தான், “அவ பொழச்சுக்குவாளாண்ணா?” பொழச்சுக்குவா, தூங்கு என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன். 2002-இல் வந்த முதல் பாகத்தில், யாருமில்லாத ஒருவனை நம்பிக் கூடவே வந்தவள் அவள். அவளை இவ்வளவு சீக்கிரம் கொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. அவன் அவளைத் தண்ணீருக்குள்ளேயே கைவிட்டு மேலே வருகிறான். தம்பி எழுந்து போய்விட்டான். மீதிப் படத்தை நான் தனியாகப் பார்த்தேன்.

அவளுடைய பாஸ்போர்ட்டையும் படங்களையும் அவன் நெருப்பில் போடும் காட்சிக்குப் பிறகு, இனி எல்லாம் பழிவாங்கல்தான் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. நேப்பிள்ஸ், மியூனிக், பெர்லின் என்று ஊர் ஊராகப் போகிறான், அடிக்கிறான், தப்பிக்கிறான். கடைசியில் மாஸ்கோவில் ஒரு சின்ன ஃபிளாட்டில், தான் கொன்ற ஒரு தம்பதியின் மகள் முன்னால் போய் உட்கார்கிறான். உன் அம்மா உன் அப்பாவைக் கொல்லவில்லை, இருவரையும் கொன்றது நான்தான் என்று சொல்கிறான். உலகமே துரத்தும்போது அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்வதற்காக அவ்வளவு தூரம் போயிருக்கிறான். இருபது வருடமாக என்னை இந்தப் படத்தோடு கட்டிப் போட்டிருப்பது அந்த ஃபிளாட்தான். துரத்தலுக்காகப் பார்க்கத் தொடங்கி, வேறு எதற்காகவோ திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

உங்களுக்கு எப்படி? எங்கே பார்த்தீர்கள், எது ஒட்டிக்கொண்டது?

வாடகைக் கார் ஓட்டுகிறவர், அடிவாரம்

அண்ணா, நான் தினமும் சேலம் ஏற்காடு வண்டி ஓட்டுகிறவன். இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போர்டு. எனக்கு ஒட்டிக்கொண்டது, போர்ன் ஓட்டித் தப்பிக்கிற அந்த மாஸ்கோ டாக்ஸிதான். பழைய மஞ்சள் வோல்கா, ரஷ்யக் கார். துரத்துகிறவனிடம் கறுப்பு பென்ஸ். நல்ல வண்டி எவனிடம் இருக்கிறதோ அவன்தான் ஜெயிப்பான் என்று மற்ற படங்களில் காட்டுவார்கள். இங்கே வோல்கா ஒவ்வொரு இடியிலும் நசுங்கிக்கொண்டே போகிறது, ஆனாலும் நிற்கவில்லை.

தோளில் குண்டு பாய்ந்து ரத்தம் ஒழுகுகிறது. காயத்தில் வோட்காவை ஊற்றுகிறான், ஊர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறான். அவன் கை கியருக்குப் போவதையும் கண் கண்ணாடிக்குப் போவதையும் நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஸ்டைலுக்காக ஒரு அசைவும் இல்லை. ஏறும்போது என்ன கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இப்படித்தான் ஓட்டுவார், முகத்தில் ஒன்றுமே தெரியாது.

சுரங்கப் பாதையில் பென்ஸ் தூணில் மோதி நிற்கிறது. உள்ளே மரீயைக் கொன்றவன், அசையக்கூட முடியாமல். போர்ன் துப்பாக்கியை நீட்டிவிட்டு, சுடாமல் நடந்து போகிறான். சவாரி முடித்து ஒரு ராத்திரி செல்போனில் அந்த இடத்தைப் பார்த்தேன். ரொம்ப நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து

எனக்குப் பிடிக்கவில்லை என்றும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா. கேமரா ஆடுகிற ஆட்டத்தில் தலைவலி வந்துவிட்டது. மியூனிக் வீட்டுச் சண்டையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

தொடங்கியவர், ஏற்காடு

சரிதான், பலருக்கு அந்தக் குறை உண்டு. முதல் பாகத்தை எடுத்தவர் டக் லைமன். இதை எடுத்த பால் கிரீன்கிராஸ் அதற்கு முன் வட அயர்லாந்துத் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிச் செய்திப் படம் மாதிரியே ஒரு படம் எடுத்தவர். அதே கண்ணோடு இங்கே வந்திருக்கிறார். ஆனால் அந்த மியூனிக் சண்டையை இன்னொரு முறை பாருங்கள். எதிராளி கையில் கத்தி, இவன் கையில் சுருட்டிய வாரப் பத்திரிகை. கடைசியில் கேஸ் குழாயைப் பிடுங்கிவிட்டு, டோஸ்டருக்குள் இன்னொரு பத்திரிகையைச் செருகிவிட்டு வெளியே நடக்கிறான், வீடு வெடிக்கிறது. நம் வீட்டிலும் இருக்கிற சாமான்தான். அதனால்தான் அது பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, அஸ்தம்பட்டி

நான் படத்துக்கு முன்னால் புத்தகத்துக்கு வந்தவள். ராபர்ட் லட்லம் 1986-இல் எழுதியது. கல்லூரி நாளில் ஒரு வாடகை நூலகத்தில் கிடைத்தது, அட்டை கிழிந்து, நூலால் தைத்து. ஒரு வாரக் கெடு. அம்மா தூங்கிய பிறகு சமையலறை விளக்கில் படித்து முடித்தேன்.

அந்தக் கதை முழுக்க வேறு. அதில் நாயகன் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் டேவிட் வெப் என்ற சொந்தப் பெயரில் பேராசிரியராக அமைதியாக வாழ்கிறான். ஹாங்காங்கில் எவனோ ஒருவன் ஜேசன் போர்ன் என்ற பெயரில் கொலை செய்கிறான். அந்தப் போலியைப் பிடிக்க இவனை அனுப்ப வேண்டும். அதற்காக இவன் மனைவியைக் கடத்துகிறார்கள், கடத்துவதே இவனுடைய சொந்த அரசாங்கம்! அதில் மரீ பொருளாதாரம் படித்தவள், கடத்தியவர்களிடமிருந்து தன் புத்தியால் தப்பிக்கிறவள். எனக்கு அவள்தான் நாயகி.

அதனால் படத்தில் அவள் முதல் கால் மணியில் செத்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஆண் கிளம்புவதற்குப் பெண் சாக வேண்டும் என்ற பழைய கணக்குத்தானே இது? இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. ஆனால் என் மகளோடு இரண்டாவது முறை பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தோட்டா வருவதற்குச் சற்று முன் ஜீப்பில், இனி வேறு வழியில்லை என்று அவன் சொல்கிறான். இருக்கிறது என்கிறாள் அவள். அதுதான் அவள் கடைசியாகச் சொல்வது. அப்புறம் பெர்லினில், எல்லாவற்றுக்கும் காரணமான அதிகாரியின் நெற்றிக்கு நேரே துப்பாக்கி வைத்தவன், அவள் இதை விரும்ப மாட்டாள் என்று சொல்லி எடுத்துவிடுகிறான். காரோட்டுகிற தம்பி சொன்ன சுரங்கப் பாதையிலும் அதுதான். செத்த பிறகும் இந்தப் படத்தில் அவள் பேச்சுதான் நடக்கிறது. என் மகள்தான் முதலில் அதைச் சொன்னாள்.

பமீலா லேண்டியையும் விட்டுவிடாதீர்கள். அவனைத் துரத்தும் அதிகாரி, ஜோன் ஆலன் நடித்தது. கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. கிடைக்கும் தகவலைப் பார்த்து, தான் நினைத்தது தவறு என்று ஒத்துக்கொள்கிறாள். கடைசியில் அவன் போன் செய்து, களைப்பாகத் தெரிகிறாய், கொஞ்சம் ஓய்வெடு என்கிறான். எதிர்க் கட்டடத்திலிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறான் என்று அவளுக்குப் புரிகிற அந்த முகம்!

கன்னங்குறிச்சியிலிருந்து, வயது 68

நம் ஊருக்கும் உளவுப் படத்துக்கும் பழைய உறவு உண்டு. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு ரோட்டில்தான் இருந்தது. இன்று முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அங்கேயிருந்துதான் 1966-இல் ‘வல்லவன் ஒருவன்’, 1970-இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ எல்லாம் வந்தன. ஜெய்சங்கர் துப்பாக்கியோடு வந்தால் விசில் பறக்கும்.

சங்கர் எந்தக் குகைக்குள் போனாலும் எங்களுக்குப் பயம் இருக்காது. அவர் பின்னால் அரசாங்கம் நிற்கும், கடைசிக் காட்சியில் போலீஸ் ஜீப் வரும். போர்னுக்கு வருகிற ஜீப் அவனைப் பிடிக்கத்தான் வருகிறது. பேரன் போட்டுக் காட்டியபோது ரொம்ப நேரம் எனக்கு அதுவே பிடிபடவில்லை. பிடிபட்டதும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

வெள்ளித் தொழிலில் இருந்தவர், செவ்வாய்ப்பேட்டை

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பதினெட்டு வயதில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலைக்கு இருந்தேன். காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், சாயங்காலம் கொலுசாகவும் துண்டாகவும் தூளாகவும் திரும்ப எடை போட்டு வாங்குவார்கள். சேதாரம் இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கும். ஒரு நாள் நாற்பது கிராம் குறைந்தது. நான் எடுத்தது. வீட்டில் அக்கா பிரசவத்துக்குப் பணம் இல்லை. பழி எனக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து பற்றவைக்கிற அண்ணன் மேல் விழுந்தது. அவர் கிளம்பிப் போகும்போது, ஊதுகுழலை வேட்டியில் துடைத்து என் பக்கம் வைத்துவிட்டுப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் படம் பார்த்தது பதினாறு வருடம் கழித்து. அந்த ஃபிளாட் காட்சி வந்ததும் எழுந்து வெளியே போய் நின்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு கொண்டலாம்பட்டிப் பக்கம் போனேன். அண்ணன் இல்லை, தவறி மூன்று வருடம் ஆகியிருந்தது. அண்ணி இருந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. “அன்னைக்கு வெள்ளிய எடுத்தது நாந்தான் அண்ணி. அண்ணன் எடுக்கல” என்று மட்டும் சொன்னேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அழவும் இல்லை. உள்ளே போனார். நான் போய்விடலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மகனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். கல்லூரிக்குப் போகிற வயது. என் எதிரே அவனை உட்கார வைத்து, “இப்பச் சொன்னத இவங்கிட்டயும் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன்.