புதுப்பிப்பு: சிக்கன் பசலைக்கீரை கேசரோலில் நீர் தேங்கிய சிக்கல் தீர்ந்தது

சீஸ் சேர்த்த சிக்கன் பசலைக்கீரை கேசரோலை (பாத்திரத்தில் அடுக்கி, சாஸ் சேர்த்து ஓவனில் வேகவைக்கும் உணவு) ஓவனிலிருந்து எடுத்தபோது பாத்திரத்தின் அடியில் பச்சை நீர் தேங்கியிருந்ததையும், சாஸ் திரிதிரியாகப் பிரிந்துபோனதையும் சென்ற வாரம் எழுதி, காரணம் கேட்டிருந்தேன். நேற்று மீண்டும் செய்து பார்த்தேன். இரண்டு குறைகளும் நீங்கிவிட்டன.

முதல் குற்றவாளி கீரைதான். பசலைக்கீரையின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் நீர் என்பதால், அதைப் பச்சையாகவே அடுக்கினால் அந்த நீரில் பெரும்பகுதி ஓவனுக்குள் வெளியேறிச் சாஸில்தான் கலக்கும். இம்முறை 500 கிராம் கீரையை வாணலியில் வதக்கி, ஆறவைத்து, மெல்லிய துணியில் கட்டிக் கை வலிக்கும்வரை பிழிந்தேன். எஞ்சியது ஓர் உருண்டை மட்டுமே. பார்க்கச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சாஸ் பிரிந்ததற்குக் காரணம் என் அவசரம். கொதிக்கும் பாலில் சீஸைக் கொட்டினால் அதிலுள்ள புரதம் இறுகிக் கொழுப்பைத் தனியே தள்ளிவிடுகிறது. ஆகவே 30 கிராம் வெண்ணெயில் அதே அளவு மைதாவை வறுத்து, 400 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, கெட்டியானதும் அடுப்பை அணைத்து, அதன் பிறகே துருவிய செடார் சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். துருவியே விற்கப்படும் சீஸை இதற்கு இனி வாங்கமாட்டேன்; ஒட்டாமலிருக்க அதில் தூவப்படும் மாவுப்பொருள் அதைச் சீராக உருகவிடுவதில்லை.

சிக்கனை முன்னதாகவே வேகவைத்து உதிர்த்துச் சேர்த்ததால், 190 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் போதுமானதாக இருந்தது. பச்சையாகச் சேர்ப்பவர்கள், இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டிவிட்டதா என்று வெப்பமானியால் பார்த்துக்கொள்வது அவசியம். எடுத்தபின் 10 நிமிடம் ஆறவிட்டேன். வெட்டிய துண்டு தட்டில் குலையாமல் நின்றது. ஜாதிக்காய்த் தூள்தான் சற்றுக் கூடிவிட்டது.