பங்காளிகள் கூடிப் பேச எது வசதி?

வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டு (உள்முற்றப்) பகுதியில் ஓடு சரிந்து மழைநீர் இறங்குகிறது. வீட்டில் பங்குள்ள 22 புள்ளியும் (குடும்பங்களும்) கலந்து பேச வேண்டும். பாதிப் பேர் மலேசியா, சிங்கப்பூரில் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் செலவுக் கணக்கு காலை வணக்கப் படங்களுக்குள் புதைந்துபோகிறது. டெலிகிராமில் புதிதாகச் சேர்பவரும் பழைய பேச்சைப் படிக்க வழியுண்டு. ஆனால் 78 வயது அப்பத்தாவுக்கு இன்னொரு செயலியா என்று தயக்கம். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். போன முறை அப்பத்தா போனைக் காதோடு ஒட்டிவைத்து, ஒவ்வொருவரும் பேசி முடிக்கக் காத்திருந்தார்கள். அவர்கள் முறை வந்ததும் துண்டாகிவிட்டது. மனசு கேட்கவில்லை. எந்த உத்திரம் எப்போது மாற்றியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கூகுள் மீட்டில் 60 நிமிடம் கிடைக்கும், சரி. அதில் பேசிவிட்டு, முடிவுகளை மட்டும் டெலிகிராமில் போட்டால் சரிவருமா? வயதானவர்களையும் சேர்த்துக்கொண்டு இப்படிப் பேசுகிறவர்கள் சொல்லுங்களேன்.