லீட்ஸ் ப்ரூடனெல்லில் முதல் கச்சேரி, எங்கே நிற்பது?

பனிமூட்டம்:
படிக்க வந்து லீட்ஸில் எட்டு மாதம் ஆகிறது. ஸ்லோடைவ், மை பிளடி வேலன்டைன் மாதிரி கிட்டார் இரைச்சலை அடுக்கி வாசிக்கும் ஷூகேஸ் ராக் குழுக்கள் எல்லாம் இதுவரை ஹெட்போனில்தான். அடுத்த வாரம் அதே வழியில் வந்த ஒரு இளம் குழு ப்ரூடனெல் சோஷியல் கிளப்பில் வாசிக்கிறது, டிக்கெட் எடுத்துவிட்டேன், கூட வரத்தான் ஆள் இல்லை. சுமார் 400 பேர் நிற்கிற இடமாம். நான் ஊரில் பார்த்ததெல்லாம் நாற்காலி போட்ட சபாக் கச்சேரி. மேடையை ஒட்டி நிற்பதா, பின்னாலா? டிக்கெட்டில் 7.30 என்று இருக்கிறது, அதற்கே போய்விட வேண்டுமா? தனியாகப் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

பின்வரிசைக்காரன்:
யாரும் பார்க்க மாட்டார்கள், பாதிப் பேர் தனியாகத்தான் வந்திருப்பார்கள். 7.30 கதவு திறக்கும் நேரம். முதலில் ஒன்றிரண்டு துணைக்குழுக்கள் வாசிக்கும், அவர்களையும் கேளுங்கள்.

சின்ன அரங்கில் முன்வரிசை ஒரு ஏமாற்று வேலை. கிட்டார் ஆம்பும் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) டிரம்ஸும் மேடையிலிருந்தே நேராக முகத்தில் அடிக்கும், ஆனால் பாடுகிறவர் குரல் இரண்டு ஓரத்திலும் உள்ள பெரிய ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும், நடுவில் முன்னால் நிற்பவருக்கு அது சரியாக எட்டாது. இந்த வகைக் குழுக்கள் வேண்டுமென்றே குரலைக் கிட்டாருக்கு அடியில் புதைப்பவர்கள் வேறு. மிக்ஸிங் மேசைக்குக் கொஞ்சம் முன்னால் நில்லுங்கள். அங்கே இருக்கும் ஒலிப் பொறியாளர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார்.

ஙொய்ங்:
இயர்பிளக் இல்லாமல் போகாதே தம்பி. மான்செஸ்டரில் ஒரு சின்ன இடத்தில் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று, மூன்று நாள் காதுக்குள் வண்டு ரீங்காரம் போட்டது, பெயர்க்காரணம் அதுதான். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 வந்தால் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷின் கணக்கு. மை பிளடி வேலன்டைன் கச்சேரிகளில் வாசலிலேயே இயர்பிளக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியும்! பஞ்சு மாதிரி இருப்பது வேண்டாம், கூர்மையான ஒலிகளையெல்லாம் விழுங்கிவிடும். இசைக்கென்று ஃபில்டர் வைத்து விற்பதை வாங்கு.

கோடைமேகம்:
பின்வரிசைக்காரர் சொல்வது ஒலிக்குச் சரி, ஆனால் முதல் முறை போகிறவர் கிட்டார் ஒலியை மாற்றும் கால் பெடல்களைப் பார்க்க வேண்டாமா? இவர்கள் குனிந்து அவற்றையே பார்த்துக்கொண்டு வாசித்ததால்தானே ஷூகேஸ் (ஷூவையே வெறித்துப் பார்ப்பது) என்று கிண்டலாகப் பெயர் வந்தது. ஒரு கால் அழுத்தலில் ஒற்றைக் கிட்டார் அறை முழுக்கப் பரவுவதைக் கண்ணால் பார்ப்பது தனி.

இன்னொன்று, பார் பக்கம் நிற்காதீர்கள், மெல்லிய பாட்டு வரும்போதுதான் பின்னால் கதை பேசுவார்கள். அமெரிக்காவின் டுலூத் ஊரிலிருந்து வந்த, மெல்ல வாசிக்கும் லோ குழு ஆரம்ப நாட்களில் கூட்டம் பேசினால் சத்தத்தை இன்னும் குறைப்பார்களாம். அதன் டிரம்மர் மிமி பார்க்கர் நின்றபடி, இரண்டே டிரம்மில் பிரஷ்ஷால் வருடிக்கொண்டே பாடுவார். 2022இல் இறந்துவிட்டார், நேரில் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

பனிமூட்டம்:
நன்றி எல்லோருக்கும். இயர்பிளக் ஆர்டர் போட்டாயிற்று. முதல் இரண்டு பாட்டு பெடல் பக்கம், அப்புறம் மேசைப் பக்கம். குளிருக்குப் போட்டு வரும் கோட்டை என்ன செய்வது?

பின்வரிசைக்காரன்:
இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். குழு டி-ஷர்ட் விற்கும் மேசைக்குக் காசு மிச்சம் வையுங்கள், சின்னக் குழுக்களுக்கு வண்டி பெட்ரோல் அதிலிருந்துதான்.